மாஸ்டரின் மொறிஸ் மைனர்: முன்சில்லின் குற்றமும் பின்வில்லின் பங்கும்

மாஸ்டர் காரைக் கொண்டுவந்து நிறுத்திய விதத்திலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி பிறேக் போட்டார், கார் இடது பக்கம் ஒரு முழம் விலகித்தான் நின்றது. இறங்கி வந்தவர், "தம்பி, ரெண்டு தரம் சில்லுக் கோணம் பாத்து அலைன்மென்ட் செய்தாச்சு. ரயர் புதுசு, எட்டு மாதம்தான், உள்பக்கம் மொட்டை. அறுபதுக்கு மேல போனா நாய் மோப்பம் பிடிச்சுக்கொண்டு போற மாதிரி அங்கையும் இங்கையும் போகுது" என்றார். நான் வேலை செய்வது வன்னியில், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் ஏ-34 றோட்டோரம். பழைய கார் என்றால் என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள், புதிய காருக்குக் கம்பியூட்டர் உள்ள இடம் தேடிப் போய்விடுகிறார்கள், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

கார் மொறிஸ் மைனர் 1000, 1098 சீசீ எஞ்சினோடு வந்தது, அதாவது 1962க்குப் பிந்தியது. அந்த எஞ்சின் எப்போதோ போய்விட்டது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காதபோது மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் இதுவும் ஒன்று. கார்புரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, வெள்ளைப் புகையோடு ஊர் சுற்றிய காலம் அது. இப்போது உள்ளே இருப்பது டட்சன் ஏ12, 1171 சீசீ, ஐந்து கியர்ப் பெட்டி. முன்னுக்கு டிஸ்க் பிறேக். 14 அங்குலச் சில்லுக்குப் பதிலாக 13 அங்குல அலோய், 165/70 ரயர். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிறேக் கலிப்பர் அலோயில் முட்டியதால் இடையில் 10 மிமீ ஸ்பேசர், அதாவது இடைத்தகடு. முன்பக்கம் "கொஞ்சம் பதிய" வைத்திருக்கிறார்கள், அது மாஸ்டரின் மகனுடைய ஆசையாம், அவர் இப்போது கனடாவில் இருக்கிறார், ஆசை இங்கே நிற்கிறது.

முதலில் ரயரைத் தடவிப் பார்த்தேன். இது காசில்லாத அளவுகோல், யாரும் செய்யலாம். உள்ளங்கையை வெளி விளிம்பிலிருந்து உள்ளே இழுத்தபோது ரப்பர் அரம் மாதிரி கையை உரசியது, உள்ளேயிருந்து வெளியே இழுத்தபோது வழுக்கியது. இப்படி என்றால் சில்லுகள் ஓடும்போது முன்பக்கம் விரிந்து ஓடியிருக்கின்றன, டோ-அவுட். மறுபக்கமாக உரசினால் முன்பக்கம் அளவுக்கு மேல் குவிந்து ஓடியிருக்கின்றன, டோ-இன் கூடிப்போயிருக்கிறது. ஆனால் அலைன்மென்ட் செய்த இடத்தில் கொடுத்த கடதாசியில் டோ-இன் சரி என்று பச்சையில் இருந்தது. அந்தக் கடதாசி பொய் இல்லை. நின்ற காரை அளந்தார்கள், நின்ற கார் சரியாகத்தான் நின்றது. ஓடும்போது அது வேறு கார்.

ஏன் என்று சொல்ல, மைனரின் முன்பகுதியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1948இல் வந்த இந்தக் காருக்கு அலெக் இசிகோனிஸ் அமைத்த முன்பகுதியில் சுருள் வில் கிடையாது. காரின் நீளப்பாட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு இரும்புக் கம்பி, டோர்ஷன் பார். அதன் முன் நுனியில் கீழ்க்கை, பின் நுனி முன் சீற்றுக்கு அடியில் குறுக்குச் சட்டத்தில் பூட்டியிருக்கும். சில்லு மேலே ஏறினால் கம்பி முறுகும், அதுதான் வில். மேற்கை தனியாக இல்லை, சொக் அப்சோபரின் கைதான் மேற்கை. அந்த இரண்டுக்கும் நடுவில் சில்லைத் தாங்கும் நிமிர்ந்த துண்டு, மேலும் கீழும் புரி வெட்டியது, ட்ரனியன் என்ற உருண்டைக்குள் ஸ்க்ரூ மாதிரி திரும்பும். கீழ்க்கை முன்னும் பின்னும் ஆடாமல் பிடித்திருக்க, அதன் வெளி நுனியிலிருந்து முன்னோக்கிச் சட்டத்துக்கு ஒரு டை-பார் போகும், அது சட்டத்தில் சேரும் இடத்தில் இரண்டு ரப்பர்.

அந்த ரப்பர்தான். விலை பெரிதில்லை, ஒருவரும் பார்ப்பதில்லை. பிறேக் போடும்போது சில்லு கீழ்க்கையைப் பின்னால் தள்ளும், அந்தத் தள்ளு முழுவதையும் தாங்குவது அதுதான்.

சோதித்த விதம் இது. முன் மட்காட்டில் நூல் கட்டித் தூக்குக்குண்டு விட்டு, சில்லின் நடுவுக்கு நேரே தரையில் சோக்கால் ஒரு கோடு போட்டேன். மாஸ்டரைக் காருக்குள் இருத்தி பிறேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு, நானும் பக்கத்து வெல்டிங் பட்டறைப் பொடியனும் பின்னால் நின்று தள்ளினோம். கார் நகரவில்லை, ஆனால் இடது சில்லின் நடு, மட்காட்டில் தொங்கிய குண்டை விட்டு 6 மிமீ பின்னால் போனது, கையை விட்டதும் திரும்பி வந்தது. வலது பக்கம் 1 மிமீ கூட இல்லை. மாஸ்டர் கண்ணாடிக்குள்ளால் தலையை நீட்டி, "என்ன, பேய் ஏதும் இழுக்குதோ" என்று கேட்டார். இழுத்தது ஒரு பக்கத்து ரப்பர். கழற்றியபோது அது ரப்பராக இல்லை, எஞ்சினை மாற்றியவர்கள் விட்ட கசிவிலிருந்து எஞ்சின் ஒயில் சொட்டி ஊறி, நல்லெண்ணெயில் ஊறிய தோசை மாதிரி இருந்தது.

இனி ஜக் அடித்து, சில்லை 12 மணியும் 6 மணியுமாகப் பிடித்து ஆட்டினேன். வலது கீழ் ட்ரனியனில் ஆட்டம். மைனர் வைத்திருப்பவர்கள் இதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: அந்தப் புரி தேய்ந்து கழன்றால் சில்லு அப்படியே மடிந்து மட்காட்டுக்குள் போய்விடும், மெதுவாகத் திரும்பும்போது நடந்தால் மட்காட் போகும், ஏ-9 பெரிய றோட்டில் வேகத்தில் நடந்தால் என்ன போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கிறீஸ் அடிக்கும்போது சில்லு தரையில் இருக்கக் கூடாது. பாரம் இருந்தால் புரியின் ஒரு பக்கம் ஒட்டியிருக்கும், கிறீஸ் தேவைப்படாத பக்கத்தால் வழிந்து வெளியே வரும், அடித்தோம் என்ற திருப்தி மட்டும் மிச்சம். ட்ரனியன் இடது வலது என்று தனித்தனி, மாற்றிப் பூட்ட முடியாது. கொழும்பிலிருந்து ஒரு வாரத்தில் வந்தது.

ரப்பர் நான்கும் புதிது, ட்ரனியன் புதிது, ஸ்டியரிங் நுனி ஒன்றும் மாற்றினேன். டோ-இன் வைத்தேன். முறிகண்டிப் பிள்ளையாரடி வரை ஓட்டிப்போய்ப் பார்த்தேன், பிறேக்கில் இழுப்பது நின்றுவிட்டது, சந்தோசத்தில் கச்சான் ஒரு பை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

திரும்பி வரும்போதுதான் சந்தோசம் குறையத் தொடங்கியது. இழுக்கவில்லை, சரி, ஆனால் 65, 70இல் ஸ்டியரிங் கையில் பஞ்சு மாதிரி. எதிரே ஒரு பஸ் போனால் காற்றுக்கு ஒரு அசைவு, திருத்தினால் அந்தப் பக்கம் கூடப் போகிறது, மறுபடி திருத்த வேண்டும். வளைவில் திருப்பிவிட்டுக் கையை விட்டால் சில்லு தானாக நேருக்கு வர வேண்டும், இது வர மனமில்லாமல் வந்தது. மாஸ்டர் சொன்ன அந்த மோப்பம் இன்னும் இருந்தது. ஆட்டத்தை எல்லாம் எடுத்த பிறகும் இருந்தால் அது காஸ்டர் குறைச்சல்.

காஸ்டர் என்றால் சைக்கிளின் முன் கவையைப் பாருங்கள். நேர்குத்தாக இல்லாமல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், கையை விட்டு ஓட முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். காரிலும் அதே சாய்வு. மைனருக்குக் கொம்பனி சொன்னது காஸ்டர் 3 பாகை, கேம்பர் (சில்லின் மேற்பக்கம் வெளியே சாயும் சாய்வு) 1 பாகை, டோ-இன் 3/32 அங்குலம், ஏறத்தாழ 2.4 மிமீ. இதில் டோ மட்டும்தான் கையால் திருப்பக்கூடியது. மற்ற இரண்டுக்கும் காரில் நட்டு இல்லை, அலைன்மென்ட் செய்தவர்கள் தொடாததில் ஆச்சரியமும் இல்லை.

எங்களிடம் காஸ்டர் அளக்க மெஷின் இல்லை. தேவையும் இல்லை. கட்டிட வேலைக்காரர் தண்ணீர் மட்டம் பார்க்கும் நீளக் குழாய் ஒன்றை இரவல் வாங்கி நாலு சில்லும் நிற்கும் இடத்தை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன், ஒரு மூலைக்குத் தகரத்துண்டு இரண்டு தேவைப்பட்டது. முன்சில்லுகளுக்கு அடியில் தரை ஓடு இரண்டிரண்டு, நடுவில் கிறீஸ், அப்போதுதான் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ரயர் தரையைக் கடித்து அளவைக் கெடுக்காது. சீமெந்துத் தரையில் சோக்கால் 20 பாகைக் கோடு. கோணமானி வேண்டாம், 1 மீட்டர் நேராகப் போய் அங்கிருந்து 364 மிமீ பக்கத்துக்குப் போனால் அது 20 பாகை. சில்லை 20 பாகை வெளியே திருப்பி ஒரு தரம், 20 பாகை உள்ளே திருப்பி ஒரு தரம், தூக்குக்குண்டு நூலிலிருந்து றிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்தேன். இந்த 13 அங்குலச் சில்லின் விளிம்புக்கு விளிம்பு 360 மிமீ, ஆகவே 6.3 மிமீ வித்தியாசம் என்றால் 1 பாகை. இரண்டு பக்கமும் திருப்பியதில் கேம்பர் எவ்வளவு மாறியதோ அதை ஒன்றரையால் பெருக்கினால் காஸ்டர்.

வலது பக்கம் 5 மிமீ மாறியது, 0.8 பாகை, காஸ்டர் 1.2. இடது பக்கம் ரப்பர் புதிதான பிறகு அதுவும் கிட்டத்தட்ட அதே. பழைய ரப்பரோடு நான் எடுத்து வைத்திருந்த அளவில் இடது 0.4தான் இருந்தது. காஸ்டர் குறைந்த பக்கத்துக்குக் கார் இழுக்கும், றோட்டும் இங்கே இடப்பக்கம் வழிந்து கிடக்கிறது, இழுத்ததற்குக் கணக்குச் சரி. ஆனால் 3 இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் 1.2 ஏன்? ரப்பர் புதிது. டை-பார் வளையவில்லை, இரண்டையும் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தேன். சட்டம் இடிபட்ட அடையாளம் இல்லை. இரண்டு நாள் அந்த முன்பகுதிக்குக் கீழே கிடந்து வானத்தைப் பார்த்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் பின்னேரம் எதிர்க்கடை வாசலில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கார் பக்கவாட்டில் முழுதாகத் தெரியும். கதவுக்குக் கீழே போகும் கோடு முன்னோக்கிச் சரிந்து கிடந்தது, தண்ணி குடிக்கக் குனிந்த மாடு மாதிரி. இரண்டு நாளும் முன்சில்லுக்கு முன்னால் குந்தியிருந்தவனுக்கு அது தெரிந்திருக்காது. பிளேன்ரீயை வைத்துவிட்டு ஓடினேன் என்று எழுத ஆசைதான், முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனேன்.

முள்ளியவளைப் பக்கம் ஒருவரிடம் யாரும் கைவைக்காத மைனர் ஒன்று இருக்கிறது. போய் நாலு மூலையிலும் சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை அளந்துகொண்டு வந்தேன். ரயர் உயரம் எதுவாக இருந்தாலும் இந்த அளவு மாறாது, அதனால்தான் தரையிலிருந்து அளக்கவில்லை. மாஸ்டரின் கார் முன்னால் சராசரி 30 மிமீ குறைச்சல், அதிலும் இடது பக்கம் வலதைவிட 12 மிமீ பதிவு. பின்னால் 40 மிமீ கூட. பின்னால் கூடவா என்று கீழே போய்ப் பார்த்தால் இலைவில்லில் ஒரு இலை மற்றவற்றைவிடக் கறுப்பாக, தடிப்பாக இருந்தது.

மாஸ்டரிடம் கேட்டேன். யோசித்துவிட்டுச் சிரித்தார். "அது நெல்லு மூட்டை ஏத்தின காலத்தில போட்டது தம்பி. மில்லுக்கு இதிலதான் கொண்டு போனனான். அதை நான் மறந்தே போனன்."

இங்கேதான் முழுக் கதையும். முன்னால் 30 இறங்கி பின்னால் 40 ஏறினால் மொத்தம் 70 மிமீ. மைனரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடை 2184 மிமீ. 70ஐ அதால் வகுத்துக் கோணமாக்கினால் 1.8 பாகை. கார் அவ்வளவு முன்னால் குனிந்திருக்கிறது, காரோடு சேர்த்து முன்பகுதி முழுவதும் குனிந்திருக்கிறது, நிமிர்ந்த துண்டின் பின்சாய்வும் அதே அளவு போய்விட்டது. 3இல் 1.8 போனால் 1.2. நான் அளந்தது அதே 1.2. நெல் மூட்டை ஏற்றியிருந்த காலத்தில் பாரத்துக்குப் பின்பக்கம் அமர்ந்து கார் மட்டமாக ஓடியிருக்கும், ஆக அந்த இலையைப் போட்டவர் பிழை செய்யவில்லை. மூட்டை போனது, இலை நின்றது. பிறகு மகன் முன்பக்கத்தை இறக்கினார். பிறகு ரப்பர் ஊறியது. மூன்று பேர் மூன்று காலத்தில் எடுத்துக்கொண்டதை ஒரு டோ நட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது.

நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டை-பார் வாங்கிப் போடலாமே என்று சிலர் கேட்டார்கள். நீளம் குறைத்தால் கீழ்க்கை முன்னே வரும், காஸ்டர் கூடும், உண்மை. ஆனால் கார் குனிந்துதான் நிற்கும், ஸ்டியரிங் றொட்டின் சாய்வு பிழையாகத்தான் இருக்கும், குளக்கட்டில் ஏறும்போது எஞ்சினுக்கு அடியிலுள்ள ஒயில் சம்ப் கல்லில் உரசத்தான் செய்யும். மாரி முடிந்து கிறவல் றோட்டுகள் பலகை பலகையாக எழும்பிக் கிடக்கும் ஊரில் காரைப் பதித்து வைப்பது எனக்கு விளங்காத ஆசை. உயரத்தைச் சரிசெய்வோம், மிச்சம் தானாக வரும் என்று முடிவெடுத்தேன்.

பின் இலை இரண்டையும் கழற்றியதும் பின்பக்கம் 30 மிமீ இறங்கியது. முன்பக்கம் டோர்ஷன் பார். இது விளையாட்டு வேலை இல்லை. முறுகி நிற்கும் கம்பியில் காரின் அந்த மூலைப் பாரம் முழுவதும் இருக்கிறது, கீழ்க்கையின் கீழே ஜக் வைத்து, மேலே மெல்ல மெல்லத் தளர்த்தி, கம்பியில் முறுக்கு இல்லை என்று கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான் அதன் பின் நுனியைப் பிடித்திருக்கும் தகட்டைத் தொட வேண்டும். பல வருடத் துரு, மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப் போட்டும் இடது தகடு வர மறுத்தது, சூடு காட்டலாம் என்று பொடியன் காஸ் டோர்ச்சோடு வந்தான், துரத்திவிட்டேன். டோர்ஷன் பாருக்குச் சூடு காட்டினால் அது பிறகு வில் இல்லை, வெறும் கம்பி. சுத்தியலால் பக்கவாட்டில் தட்டித் தட்டித்தான் வந்தது. இன்னொன்று, ஒரு பக்கத்துக் கம்பியை மறுபக்கம் மாற்றிப் போடவே கூடாது, அது வருடக்கணக்கில் ஒரு திசைக்கே முறுகிப் பழகியது, எதிர்த்திசைக்கு முறுக்கினால் முறியும்.

கம்பியின் நுனியில் வெட்டியிருக்கும் பல்லில் ஒன்று மாற்றிப் பூட்டினால் உயரம் அதிகம் தாவுகிறது, ஆகவே பல்லை விட்டுத் தகட்டின் துளைகளை மாற்றித்தான் நுணுக்கமாக வைத்தேன். ஒவ்வொரு தரமும் இறக்கி, பத்தடி முன்னும் பின்னும் உருட்டி, முன் பம்பரில் குந்தி எழும்பி, பிறகு அளவு. மாஸ்டரின் எடைக்கு வலது சீற்றில் இரண்டு உரப்பை. மூன்றாம் தரத்தில் இரண்டு பக்கமும் 2 மிமீ வித்தியாசத்துக்குள் வந்தது, முள்ளியவளைக் காரைவிட 5 மிமீ மட்டும் குறைச்சல். காஸ்டர் வலது 2.5, இடது 2.3. கேம்பர் முன்பு வலது பூச்சியம், இடது உள்ளே சாய்ந்து அரைப் பாகை, இப்போது இரண்டும் வெளிச்சாய்வு அரைப் பாகைக்குக் கிட்ட. கேம்பருக்கென்று நான் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை.

டோ-இன் கடைசி. இதில் முதல் நாள் நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பச்சைக் கடதாசிக்காரர்களைக் குறை சொல்லிவிட்டு என் பிழையை மறைத்தால் நியாயம் இல்லை. ரப்பர் மாற்றிய அன்று ஜக்கிலிருந்து இறக்கிய உடனே நூல் கட்டி டோ வைத்தேன், 2.4, புத்தகத்தில் உள்ளபடி. இறக்கும்போது ரயர் தரையில் ஒட்டி வெளியே விரிய முடியாமல் இறுகி நிற்கும், அது உண்மையான நிலை இல்லை. முறிகண்டி போய் வந்த பிறகு அளந்தால் வெறும் 0.5. இந்தத் தரம் உருட்டிவிட்டு, காரின் இரண்டு பக்கமும் பின்சில்லிலிருந்து முன்சில்லு தாண்டி நூல் இழுத்து, இரண்டு நூலும் ஒன்றுக்கொன்று சமாந்தரமா என்று முன்னும் பின்னும் அளந்து பார்த்துவிட்டுத்தான் நட்டைத் தொட்டேன். புத்தகத்தின் 2.4 பழைய குறுக்குநூல் ரயருக்குச் சொன்னது, இப்போது ஓடுவது ரேடியல், அதற்கு 1.5 போதும் என்று வைத்தேன். இரண்டு பக்கத்து றொட்டையும் சமமாகத் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருப்பி ஸ்டியரிங் வளையத்தைக் கழற்றி நேராகப் பூட்டும் வித்தை செய்தால் றாக்கின், அதாவது சில்லுகளைத் திருப்பும் பல்சட்டத்தின், நடு விலகிவிடும், பள்ளத்தில் விழும்போது இரண்டு சில்லும் இரண்டு விதமாகத் திரும்பும். பம்பரில் இரண்டு பேரை இருத்தி 50 மிமீ அமுக்கிப் பார்த்தேன். பதிந்திருந்த காலத்தில் இப்படி அமுக்கியபோது டோ 5 மிமீ ஓடியது, இப்போது 1.5க்குள் நிற்கிறது.

ஸ்பேசர் மட்டும் தீரவில்லை. அது சில்லை 10 மிமீ வெளியே தள்ளுகிறது, ரயர் தரையைத் தொடும் நடு நிமிர்ந்த துண்டின் அச்சிலிருந்து அவ்வளவு தூரம் விலகுகிறது, கல்லில் ஏறினால் அந்த இழுப்பு அப்படியே கைக்கு வருகிறது. எடுத்தால் கலிப்பர் முட்டும். பழைய 14 அங்குல இரும்புச் சில்லு நாலு கிடைத்தால் சொல்லுங்கள் என்று மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன், கனடாவுக்கும் சொல்லி அனுமதி வாங்க வேண்டுமாம்.

இரண்டு மாதம் கழித்து வந்தார், 1800 கிலோமீற்றர் ஓடியிருந்தது. ரயரைத் தடவினேன், இரண்டு பக்கமும் ஒரே வழுவழுப்பு. ஏ-9இல் 70இல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு போகிறாராம், மனைவி ஏசுகிறாராம். கழற்றிய இலைகள் எங்கே என்று கேட்டார், எப்போதாவது மூட்டை ஏற்ற வேண்டி வந்தால் பூட்டலாமே என்று. நான் அவற்றை அதற்குள் கொல்லனிடம் கொடுத்துவிட்டிருந்தேன். ஒன்றில் எனக்குக் காட்டுக்கத்தி, மற்றதில் மாஸ்டருக்கு. கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்சீற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டு போனார்.